வெளிக்கு வெளியே

கரும்பலகையில் ஒரு வட்டம் போட்டான். அதைச் சுற்றி இன்னொன்று.

முதல் மணி வகுப்பு. பிள்ளைகள் எழுதிக்கொண்டிருந்தார்கள். அவன் மனசு மட்டும் இன்னும் வீட்டு வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது.

"போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள் பூங்கோதை.

"போயிட்டு வரேன்" என்று சொல்லவில்லை.

பதினாறு வருஷத்தில் அவன் மனைவி ஒருநாளும் தவறவிடாத சொல். எதிர்வீட்டில் கறிவேப்பிலை வாங்கப் போனாலும் போயிட்டு வரேன்தான்.

அவசரத்தில் விழுங்கிவிட்டாளா?

வேண்டுமென்றே விட்டுவிட்டாளா?

தோளில் ஒரு பை. பெரிய பை என்றும் சொல்ல முடியாது, சின்னது என்றும் சொல்ல முடியாது.

எங்கே என்று கேட்டிருக்கலாம். வாசல்படி இறங்குகிறவர்களை அப்படிக் கேட்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தார்கள். வாய் வரவில்லை.

சண்டை என்று ஒன்றும் நடக்கவில்லை. அதுதான் அவனுக்குப் பிடிபடவில்லை. முதலில் சாப்பாட்டு நேரம் தனித்தனியானது. அப்புறம் பேச்சு, கேஸ் வந்துவிட்டதா, மோட்டார் போட்டாச்சா என்று தேய்ந்தது. அவள் அவள் இடத்தில்தான் இருந்தாள். அவனும்.

"சார்."

கடைசி பெஞ்சில் ஷாகிரா எழுந்து நின்றாள்.

"பிரபஞ்சம் விரியுதுன்னா, எதுக்குள்ள சார் விரியுது?"

"ஊருக்கு வெளியேதான்" என்றது ஒரு குரல். வகுப்பு சிரித்தது.

அவன் பாடத்தைச் சொன்னான். விண்மீன் கூட்டங்கள் எதற்குள்ளும் ஓடவில்லை. அவற்றுக்கு நடுவே உள்ள இடைவெளி வளர்கிறது. விரிவதே வெளிதான். வெளிக்கு வெளியே என்று ஓர் இடம் இருந்தாக வேண்டும் என்பதில்லை.

வருஷா வருஷம் சொல்கிற பதில்.

இன்றைக்குத்தான் காதில் விழுந்தது.

ஷாகிரா உட்காரவில்லை. யாருமே நகராமல் எப்படி சார் தூரமாகும் என்று கேட்டாள். குறும்பு இல்லை. நிஜமாகவே அவளுக்குப் புரியவில்லை.

அவன் வட்டங்களைப் பார்த்தான். இரண்டுக்கும் நடுவில் நாலு விரல் கரும்பலகை. அது எப்போது அங்கே வந்தது என்று ஒரு கணம் விளங்கவில்லை.

தெரியவில்லை என்றான்.

இரண்டு நிமிஷம் பொறுக்கச் சொல்லிவிட்டு மாடி வராந்தாவுக்கு வந்தான். பாக்கெட்டிலிருந்து போனை எடுத்து அவளைக் கூப்பிட்டான்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஓயப்போகிற நேரத்தில் எடுத்தாள்.

பின்னால் பஸ் ஸ்டாண்டு இரைச்சல். தஞ்சாவூர், தஞ்சாவூர் என்று யாரோ கூவினார்கள். தஞ்சாவூரில் அவள் அக்கா இருக்கிறாள். அங்கே அவளுக்கென்று ஓர் அறையும் உண்டு.

 

"எங்கே போறே, கோதை?"

கேட்டுவிட்டான்.

இரைச்சல் மட்டும் கேட்டது. ஒரு ஹாரன். சில்லறை கேட்கும் கண்டக்டர். வைத்துவிட்டாளோ என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான். இல்லை, விநாடிகள் ஓடிக்கொண்டிருந்தன.

"பஸ்ஸை இன்னும் எடுக்கலைங்க" என்றாள்.

சேதியா, அழைப்பா?

அது விளங்குவதற்குள் பாதிப் படி இறங்கியிருந்தான்.