அடைப்புக்குறித் திருட்டு

நாற்பத்தாறு வயதில் முதல் திருட்டுக்குத் துணிந்தார் இசக்கிதுரை. மட்டாஞ்சேரியில் வீடு வீடாகக் குப்பை எடுக்கும் வேலை. இருபது வருடத்தில் அடுத்தவர் வீட்டு ஓட்டை வாளியைக்கூடத் தொட்டவரில்லை. இப்போது குறி, வகுப்பில் கூடப் படிக்கும் அம்பிளியின் கணக்கு நோட்டு.

பத்தாவது தேறினால் சூப்பர்வைசர் ஆகலாம். அதற்காகத்தான் பெரியவர்களுக்கான இந்தச் சனி, ஞாயிறு வகுப்பு. “நாளைக்கு அஞ்சு கணக்கும் சரியா கொண்டு வந்தாத்தான் பரீட்சைக்குப் பேரு கொடுப்பேன்” என்று சனிக்கிழமை காலையிலேயே வாத்தியார் சேவியர் மாஷ் கறாராகச் சொல்லிவிட்டார்.

இசக்கிதுரையும் ஏதோ போட்டுத்தான் வைத்திருந்தார். முதல் கணக்கு, 3x(2x + 5). வெளியே நிற்கும் 3x குப்பை வண்டி, அடைப்புக்குள் இருப்பவை வீடுகள். ஒரு வீட்டை விட்டாலும் வீட்டுக்காரி சும்மா விடுவாளா? இரண்டு வீட்டுக்கும் வண்டியை விட்டு, 6x² + 15x என்று எழுதியிருந்தார். எழுதியதைப் பார்த்து அவருக்கே சிரிப்பு வந்தது. கணக்கிலும் குப்பை வண்டியா! உருப்பட்ட மாதிரிதான்.

அம்பிளி அப்படியில்லை. மிளகுக் கம்பெனியில் பில் போடுகிறவள். கண்ணாடி வேறு போட்டிருந்தாள். அறிவுக்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்?

அன்று மாலை எல்லாரும் சாயா குடிக்கப் போனபோது, தலைவலி என்று பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார். அவள் பையிலிருந்து நோட்டை எடுத்துப் போனில் படம் பிடித்து, இருந்த இடத்திலேயே திருப்பி வைத்தார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால், 6x² + 5. இரண்டாவது வீட்டுப் பக்கம் வண்டி போகவே இல்லை. ‘படிச்சவங்க கணக்குன்னா சுருக்கமாத்தான் இருக்கும்’ என்று தன் விடைகளைப் பரபரவென்று ரப்பரால் அழித்தார்.

“என்னத்த அப்படி அழிக்கீங்க?” என்றாள் மனைவி திரிபுரசுந்தரி.

“என் மடத்தனத்த.”

மறுநாள் மாஷ் அவர் நோட்டைப் பார்த்துத் தலையில் கை வைத்தார். “எந்தா துரை இது? அஞ்சும் தப்பு! உள்ள ரெண்டு பேர் இருந்தா ரெண்டு பேரையும் பெருக்கண்டே?”

சரி, அம்பிளியும் சேர்ந்து மாட்டுவாள் என்று மனதைத் தேற்றிக்கொண்டார்.

“அம்பிளி, அஞ்சும் சரி! எல்லாரும் கை தட்டுங்க.”

“அதெப்படி மாஷே?” துள்ளி எழுந்தார் இசக்கிதுரை. “நேத்து அவ நோட்டுல வேறல்லா இருந்திச்சு!”

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்தார். வகுப்பே அவரைத் திரும்பிப் பார்த்தது. வேறு வழியில்லாமல், திருடியதைத் தலைகுனிந்து ஒப்புக்கொண்டார்.

அம்பிளி கத்துவாள் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். அவளோ வெளிறிப்போய், கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாள்.

“மாஷே, சேட்டன் மட்டும் கள்ளன் இல்ல. வகுப்புல ஒரு வார்த்த மிண்ட மாட்டாரு. எல்லாம் அறியுற ஆளுன்னு நெனச்சு, நேத்து உச்சைக்குச் சேட்டன் சோறுண்ணப் போனப்போ நானும்… ராத்திரி வீட்டுல வச்சுத்தான் பாத்து மாத்தி எழுதினேன்.”

அவள் நீட்டிய போனில், அழிக்கப்படுவதற்கு முந்தைய இசக்கிதுரையின் நோட்டு இருந்தது: 6x² + 15x.