பிடித்து வைத்த எழுத்துகள்

பெருவிரல் மறுபடியும் பொத்தானை அழுத்தியது. ஒலிப்பெட்டி வாய் திறக்கவில்லை.

மூன்று நாளாக இதே கதை.

பக்கவாதம் என் தங்கைக்கு விட்டுவைத்தது அந்த வலது கால் பெருவிரலை மட்டும்தான். பலகையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக ஒளிரும். வேண்டியது வரும்போது அவள் அழுத்த வேண்டும். நான் சி கணினி மொழியில் எழுதிய நிரல் அதை வாங்கி, உரக்கப் படிக்கும் ஒலிப்பெட்டியின் நிரலுக்கு அனுப்பும். வீட்டில் திரையில் ஓட்டிப் பார்த்தபோது வரி வரியாக அழகாக வந்தது.

"அது வெறும் துடிப்புதாங்க" என்று நேற்றே சொல்லிவிட்டார் டாக்டர். இன்று பதினொரு மணிக்கு வந்து, நினைவில்லை என்று எழுதிவிடுவார். அதோடு பயிற்சியெல்லாம் நின்றுவிடும்.

மணி பத்து ஐம்பது.

ஆஸ்பத்திரிக் கட்டிலடியில் உட்கார்ந்து நிரலை நூறாவது தடவையாகப் படித்தேன். சட்டென்று பொறி தட்டியது.

திரை! திரைக்கு என்றால் வரிக்கு வரி காட்டிவிடும். இன்னொரு நிரலுக்கு என்றால், பஃபர் என்ற தற்காலிகத் தேக்கத்தில் நாலாயிரம் பைட் சேரும்வரை பிடித்து வைத்துக்கொள்ளும். உடனுக்குடன் தள்ளிவிட ஃபிளஷ் என்று ஒரே ஒரு வரி போதும். அதைப் போட மறந்திருக்கிறேன்.

அப்படியானால் மூன்று நாள் பேச்சும் உள்ளேதான் இருக்கிறது!

நிரலை நிறுத்தக் கை போய்விட்டது. ஐயோ! வெட்டி நிறுத்தினால் அத்தனையும் போச்சு. தானாக முடிந்தால்தான் வைத்திருப்பதைக் கொட்டிவிட்டுப் போகும். பொத்தானின் வயர் கழன்றால் முடித்துக்கொள் என்று எழுதியிருந்தேனா? தேடினேன். இருந்தது. என் முதுகில் நானே தட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

கண்ணை மூடிக்கொண்டு வயரைப் பிடுங்கினேன்.

பெட்டி கரகரத்தது. அப்புறம் நிறுத்தவே இல்லை. நான் சிரித்தேனா அழுதேனா, தெரியாது. சத்தம் கேட்டு டாக்டர் ஓடிவந்தார்.

"என்ன சொல்றாங்க?"

"திட்டறா டாக்டர்! நல்லா திட்டறா!"

ஆறு வருடமாக ஒரே அலுவலகத்தில் என் நிரல்களில் பிழை பிடிப்பதுதான் அவள் வேலை. படுக்கையில் விழுந்தும் அவள் என்னை விடவில்லை. முதல் நாள் காலையிலிருந்து முப்பத்தொரு தடவை, அட்சரம் பிசகாமல் ஒரே வரி:

"பஃபர்ல தேங்குது. ஃபிளஷ் பண்ணு, மக்கு அண்ணா."