பாசிக்குள் புதுக் குடித்தனம்

சுவரைப் பிடித்துக்கொண்டு அவள் மெல்லக் கூடத்துக்குள் வருகிறாள். ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்த கால்கள் இன்னும் சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. ஜன்னலோரத்து மீன்தொட்டியை ஏறிட்டுப் பார்க்கவே பயமாயிருக்கிறது. இத்தனை நாளும் வீட்டைப் பார்த்துக்கொண்டவள் ஓரகத்தி. 'இதுக்குப் படற பாட்டுக்கு ரெண்டு மாடு வளர்க்கலாம்' என்று அந்தத் தொட்டியை எப்போதும் கரித்துக்கொட்டுகிறவள். ஆனால் காலை வெயில் தெளிந்த தண்ணீருக்குள் புகுந்து வெளியேறி, தரையில் பச்சையாக நெளிகிறது. வேலம்பாசி மேல்மட்டம்வரை தழைத்திருக்கிறது. அதன் இலைகளிலிருந்து குமிழிகள் ஒவ்வொன்றாய்க் கிளம்புகின்றன. செம்மஞ்சள் வால் கப்பி மீன்கள் ஆளைக் கண்டதும் கண்ணாடியோரம் ஓடிவந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. அவளுக்குக் கண் கலங்குகிறது. ஓரகத்தி ஒரு வாளித் தண்ணீரோடு வருகிறாள். "நிக்காத, உக்காரு. இது நேத்தே பிடிச்சு வச்ச தண்ணி, குளோரின் போயிருக்கும், பயப்படாத. பாசியை மட்டும் அசைச்சுடாத, உள்ள குஞ்சு கிடக்கு." "குஞ்சா? எப்பக்கா?" "போன வாரம். பெரிசுங்க முழுங்கிடுமோன்னு எனக்குத் தூக்கமே இல்ல. நல்லவேளை, எல்லாம் பாசிக்குள்ள பூந்துக்கிச்சுங்க." அவள் குனிந்து பார்க்கிறாள். பச்சை இருட்டில் கண்ணும் வாலுமாய், எள்ளளவு உயிர்கள் நடுங்கி நடுங்கி நீந்துகின்றன. ஓரகத்தியின் கையை இறுகப் பிடித்துக்கொள்கிறாள். "விடு, பாசி நாத்தம் அடிக்குது" என்கிறாள் ஓரகத்தி. கையை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை.