தெருமுனை அட்டெண்டன்ஸ்

சுகாதார மேஸ்திரி சம்பந்தத்தைக் கண்டாலே ஜெபசீலனுக்கு ஆகாது.

பின்னே? பொழுது விடிவதற்குள் மனுஷன் தெருமுனையில் வந்து நின்று தொண்டை கிழியக் கத்தினால் யாருக்குத்தான் ஆகும்?

"முத்தாலம்மா, ரெண்டாவது தெரு பெருக்கணும். ஜெயவேலு, மார்க்கெட் குப்பை. கேசவா, கால்வாய் அடைப்பு."

ஒவ்வொருவரும் "கீறேன் மேஸ்திரி" என்று பதிலுக்குக் கத்தவேண்டும். மெதுவாகச் சொன்னால் விடமாட்டார், மறுபடியும் கூப்பிடுவார். தினக்கூலி ஜனங்கள்தானே என்று என்ன அதிகாரம் பாருங்கள் என்று அவர் மனைவி கிருபாகூட ஆத்திரப்பட்டாள்.

இன்சூரன்ஸ் ஆபீஸில் நாளெல்லாம் மாரடித்துவிட்டு வரும் ஜெபசீலனுக்கு விடிகாலைத் தூக்கம்தான் சொர்க்கம். பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, நகராட்சிக் கமிஷனரிடம் மனுவே கொடுத்துவிட்டார்.

மறுநாள் காலை கத்தல் இன்னும் பலமாகக் கேட்டது. ஜன்னலைத் திறந்து பார்த்தால், தெருமுனையில் நின்ற ஆள் இப்போது இவர் வீட்டு கேட்டுக்கே வந்து நிற்கிறார்.

"கொழுப்பைப் பார்த்தியா" என்றார் கிருபாவிடம். அன்றிலிருந்து சம்பந்தத்தின் முகத்தில்கூட விழிப்பதில்லை.

இந்த லட்சணத்தில் தொழிலாளர் நீதிமன்றத்திலிருந்து ஜெபசீலனுக்கு சம்மன் வந்தது, சாட்சி சொல்ல வரவேண்டும் என்று.

விசாரித்ததில் விஷயம் தெரிந்தது. ஏழெட்டு வருஷமாகக் குப்பை அள்ளுகிறோம், எங்களை நிரந்தரம் பண்ணுங்கள் என்று முத்தாலம்மாவும் மற்றவர்களும் கேஸ் போட்டிருக்கிறார்கள். இவர்கள் எங்கள் ஆட்களே இல்லை என்று நகராட்சி ஒரேயடியாகக் கைவிரித்துவிட்டது. தோற்றால், இருக்கிற கூலி வேலையும் போய்விடும்.

தாம்பரத்தில் ரயில் ஏறியதிலிருந்து கோட்டை ஸ்டேஷன் வரைக்கும், அந்த மேஸ்திரியின் அராஜகத்தை ஜட்ஜ் முன்னால் எப்படியெல்லாம் கிழிக்கலாம் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனார்.

கூண்டில் ஏறியதும் நகராட்சி வக்கீல் நக்கலாகத்தான் ஆரம்பித்தார். தெருவில் குப்பை அள்ளுகிறவர்கள் யார் எவர் என்று உங்களைப் போன்றவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது, யாராவது கான்ட்ராக்டர் ஆட்களாக இருக்கும் என்றார்.

ஜெபசீலனுக்குச் சுர்ரென்று ஏறியது.

"எனக்கா தெரியாது? வருஷக்கணக்கா என் தூக்கத்தைக் கெடுத்ததே இவங்க பேருதான் சார்."

சொன்னதோடு நிற்கவில்லை. முத்தாலம்மா ரெண்டாவது தெரு, ஜெயவேலு மார்க்கெட், கேசவன் கால்வாய் என்று சம்பந்தம் கூப்பிடும் அதே வரிசையில், கிட்டத்தட்ட அதே குரலில் மளமளவென்று ஒப்பித்தார். கோர்ட்டில் சிரிப்பு எழுந்தது. ஜட்ஜ் மட்டும் சிரிக்காமல் எழுதிக்கொண்டார்.

"தினமும் இவங்களைப் பேர் சொல்லி வேலைக்கு அனுப்பினது யாரு?" என்று கேட்டார்.

"நகராட்சி மேஸ்திரி சம்பந்தம். காக்கிச் சட்டை போட்ட பர்மனென்ட் ஆளு. கத்தக் கூடாதுன்னு நான் கமிஷனருக்கே மனு கொடுத்திருக்கேன்."

நகராட்சி வக்கீல் அதற்குமேல் எதுவும் கேட்காமல் உட்கார்ந்துவிட்டார்.

வெளியே வராந்தாவில், இனி ஜெயித்த மாதிரிதான் என்று தொழிலாளர் தரப்பு வக்கீல் சொல்லிக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு முத்தாலம்மா ஓடி வந்து கும்பிட்டாள். ஜெபசீலனுக்குச் சந்தோஷம்தான். ஆனாலும் மனசு ஆறவில்லை. இத்தனை வருஷம் உங்களை விரட்டி வேலை வாங்கின அந்த ஆள் எங்கே, ஒரு வார்த்தை சொல்ல வரக்கூடாதா என்று கேட்டார்.

"அவரு சொன்னா, எங்களுக்கு வேண்டியவருன்னு தள்ளிப்புடுவாங்களாம் சார். அவர் மேல கோவமா கீற ஆளு சொன்னாத்தான் எடுபடும்னு, உங்களைக் கூப்புடச் சொன்னதே மேஸ்திரிதான்."

அப்புறம் எதற்குத் தினமும் அப்படிக் கத்தினார் என்று கேட்டார் ஜெபசீலன்.

"எங்க பேரை அட்டெண்டன்ஸ் நோட்டுல எழுதக் கூடாதுன்னு ஆபீஸ்ல சொல்ட்டாங்க சார். அதான் தெருவே கேக்கறாப்போல கத்தினுகீறாரு. யாருமே கண்டுக்கல. நீங்க மனு குடுத்தன்னிக்குத்தான் அவரு மூஞ்சில சிரிப்பே வந்துச்சு. 'ஒரு ஆளு காதுலயாவது ஏறிச்சே முத்தாலம்மா'ன்னு சொல்லிக்கினே, மறுநாள் காலைல உங்க கேட்டாண்ட வந்து நின்னாரு."