நைனாவின் வேட்டி

“மாசாமாசம் வைக்கிற துணிய எங்க காயப்போடுறம்மா?” அரிப்புக்கு மருந்து கேட்டுப் போன என்னிடம் கும்மிடிப்பூண்டி நர்ஸ் அக்கா கேட்டார்.

“விறகுக்குப் பின்னால.”

“அந்த ஈரந்தான் அரிக்குது. நல்லா தோச்சி வெயில்ல போடு!”

“ஆம்பள பாத்தா கண்ணு அவிஞ்சிடும்டி,” என்று அம்மா மிரட்டினாள்.

அன்று முதல் நைனாவின் வேட்டியை நானே துவைத்துக் கொடியில் போட்டேன்.

“எம்பொண்ணுக்கு எம்மேல இன்னா பாசம் பாரு!” என்று நைனா ஊரெல்லாம் பீற்றிக்கொண்டார். அரிப்பு மட்டும் குறையவில்லை.

ஒருநாள் நைனா கொடியிலிருந்து வேட்டியை உருவினார். அடியில் நான் ஒளித்திருந்த துணி ஈரமாகவே கிடந்தது. அவர் கண் போய்விடுமே என்று பயந்து, கதவுக்குப் பின்னால் நான்தான் கண்ணை மூடிக்கொண்டேன்.

திறந்தபோது வேட்டி முள்வேலியில் கிடந்தது. கொடியில் என் துணி மட்டும் வெயிலில் ஆடியது. நைனா வயலுக்குப் போய்க்கொண்டிருந்தார்.