கட்டில் உயரம்

கம்பி தோளில் இருந்தது. அவள் மெல்ல இறங்கினாள்.

முழுதாக அல்ல. பாதிக்குக் கொஞ்சம் முன்னாலேயே நின்றாள்.

எழுந்தாள்.

"அக்கா, அது ஏமாத்து ஸ்குவாட்டு," என்றான் இசக்கிராஜா. அந்த ஜிம்மின் கோச் அவன். "தொடை தரைக்கு நேரா வரணும். அப்பத்தான் கணக்கு."

அவளுக்கும் தெரியும். சேர்ந்ததிலிருந்து முழுதாகத்தான் இறங்கி எழுகிறாள். கம்பியின் இரு பக்கமும் ஒவ்வொரு சின்ன இரும்பு பிளேட். அதற்கே அடியில் மாட்டிக்கொள்வாள். முட்டி கெஞ்சும். வாரக்கணக்காக எடை அங்கேயே நின்றது.

இன்று ஒரு கேள்வியோடு வந்திருந்தாள். காலையில் சோறு வடித்துக்கொண்டிருந்தபோது வந்த கேள்வி.

"இந்த உயரத்துல இருந்து மட்டும் எந்திரிச்சா எவ்வளவு தூக்கலாம்?"

இசக்கி கம்பியையும் அவளையும் மாறிமாறிப் பார்த்தான்.

"தெரியலையேக்கா. யாரும் கேட்டதில்ல." தாடையைச் சொறிந்தான். "பாத்துருவமா?"

கம்பியை மாட்டும் ரேக்கின் இரண்டு பக்கமும் இருந்த ஓட்டைகளில் இரும்புத் தாங்கிகளைச் செருகினான். கம்பி அதற்குக் கீழே போகாது. அவள் தடுமாறினாலும் மேலே விழாது.

"உயரம் இது போதுமா?"

அவள் கண்ணை மூடினாள். லேசாகக் குனிந்து, இல்லாத ஒருவரின் இடுப்பைப் பிடிப்பதுபோலக் கைகளை நீட்டினாள்.

"ஒரு ஓட்டை மேல போடு."

போட்டான். அவள் கம்பியின் கீழே நுழைந்து எழுந்தாள். எடை ஏற்றினான். எழுந்தாள். மறுபடி ஏற்றினான்.

பக்கத்தில் கைக்குப் பயிற்சி செய்துகொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

முழு ஸ்குவாட்டில் தூக்கியதைப்போல இரண்டு மடங்கு இப்போது அவள் முதுகில் இருந்தது. எலும்புக்குள் புதிதாக ஏதோ ஒன்று விழித்துக்கொண்டதுபோல இருந்தது. நசுங்கிவிடுவோம் என்று நினைத்தாள். நசுங்கவில்லை. அதுதான் அவளுக்கு ஆச்சரியம்.

"எதுக்குக்கா இந்த உயரம்?"

"கட்டில் உயரம்."

இசக்கி தலையாட்டினான். முழு ஸ்குவாட்டையும் விட்டுவிடக்கூடாது, இது அதோடு சேர்த்துத்தான் என்று மட்டும் சொன்னான்.

கட்டில் ரீகனுடையது. அவள் கணவன்.

உப்பு லாரியில் மூட்டை அடுக்கும்போது உச்சியிலிருந்து விழுந்தவன். முதுகெலும்பில் அடி. இடுப்புக்குக் கீழே எதுவும் பேச்சுக் கேட்பதில்லை.

காலையில் அவன் தம்பியும் எதிர்வீட்டு சேவியரும் வருவார்கள். ஒருவர் அக்குளில், ஒருவர் காலில். தூக்கிச் சக்கர நாற்காலியில் வைத்துவிட்டு வேலைக்குப் போவார்கள். நல்ல மனிதர்கள். ஆனால் அவர்கள் திரும்பி வரும்வரை அவன் அந்த நாற்காலியில்தான். உட்கார்ந்த இடத்தில் தோல் கன்றிப் போயிருந்தது. பகலில் தண்ணீர் குடிப்பதையும் நிறுத்தியிருந்தான்.

ஒருத்தியே தூக்கும் முறையை ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவன் முட்டியை உன் முட்டியால் அணை. அவன் இடுப்பில் கட்டிய பட்டையைப் பிடி. எழு. திரும்பு. உட்கார வை.

ஒருமுறை செய்து பார்த்தாள். இரண்டு பேரும் தரையில் கிடந்தார்கள்.

அதன் பிறகு அவன் அவளிடம் எதுவும் கேட்பதையே விட்டுவிட்டான்.

மழைக்காலம் வந்து போனது. தாங்கியின் உயரம் மாறவில்லை. பிளேட்டுகள் மாறின. வேடிக்கை என்னவென்றால், முழு ஸ்குவாட்டிலும் அந்தப் பழைய எடை ஒருநாள் நகர்ந்துவிட்டது. எப்படி என்று இசக்கியும் அவளும் நெடுநேரம் பேசினார்கள். விடை கிடைக்கவில்லை.

ஒரு மத்தியானம் ரீகன் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தபடி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தாள். முகம் வேர்த்திருந்தது. வலி.

அவள் நாற்காலியைக் கட்டிலோரம் தள்ளினாள். சக்கரத்தைப் பூட்டினாள். எதிரே வந்து நின்றாள்.

"வேண்டாம் பிரின்சி. தம்பி வரட்டும்."

"பாக்கணும்ங்க."

"என்னத்த?"

"முடியுதான்னு."

அவன் கைகளை எடுத்துத் தன் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டாள். முட்டியால் முட்டியை அணைத்தாள். பட்டையைப் பிடித்து இறங்கினாள். அந்த உயரம் அவள் தொடைக்குத் தெரிந்திருந்தது.

மூச்சை அடக்கினாள்.

எழுந்தாள்.

இரும்பு ஆடாது. இவன் ஆடினான். ஒரு பக்கமாகச் சரிந்தான். அவள் பல்லைக் கடித்து, அவனை நெஞ்சோடு இழுத்து நிறுத்தினாள்.

நின்றார்கள்.

இனி ஒரு திருப்பம்தான். கட்டில் பக்கத்திலேயே இருந்தது.

அவள் திரும்பவில்லை.

அவன் தன்னைவிட ஒரு தலை உயரம் என்பதையே மறந்துபோயிருந்தாள். அவன் தாடை அவள் உச்சந்தலையில் படிந்தது. அவன் மூச்சு மேலிருந்து வந்தது. விபத்துக்குப் பிறகு அது எப்போதும் கீழிருந்துதான் வந்துகொண்டிருந்தது.

அவன் தலையை மெதுவாகத் திருப்பினான். ஒரு பக்கம். பிறகு மறுபக்கம்.

"ஏ பிள்ள," என்றான். "பீரோ மேல இம்புட்டு தூசியா?"

அவளுக்குப் பீரோவின் மேல்பக்கம் எட்டாது. பார்த்ததே இல்லை.

தொடைகள் நடுங்கத் தொடங்கியிருந்தன.

"வேற என்ன தெரியுது?" என்று கேட்டாள்.