நீலக் கதவின் தனி அடையாளம்

போலியோ சொட்டு மருந்து போட்ட வீட்டுக் கதவுகளில் எல்லாம் சாக்பீஸ் ‘பி’ என்று எழுதியது. சாத்தியே கிடந்த நீலக் கதவில் மட்டும் பெருக்கல் குறி போட்டது.

நாலாம் நாளும் அது வந்து நின்றதும் கதவு பீற்றிக்கொண்டது. “பார்த்தியா, தெருவிலேயே எனக்கு மட்டும்தான் தனி அடையாளம்!”

“உள்ளே ஒரு குழந்தை பாக்கின்னு அர்த்தம் அண்ணே.”

“ஒண்ணே ஒண்ணுதானே? வேற வேலையைப் பாரு.”

“போலியோக் கிருமியும் அந்த ஒண்ணைத்தான் தேடுது. நானாவது தட்டிட்டு நிக்கிறேன். அது தட்டாது அண்ணே.”

கதவு கிறீச்சென்று திறந்துகொண்டது. தவழ்ந்து வந்த குழந்தை, சுகாதாரப் பணியாளர் விட்ட இரண்டு சொட்டையும் சப்புக்கொட்டி விழுங்கியது. சாக்பீஸ் ‘பி’ எழுதியது.

“அப்போ இனிமே நானும் எல்லாரையும் மாதிரிதானா?” என்று கதவு முகம் சுண்டிக் கேட்டது.

“ஆமாம் அண்ணே,” என்றது நகமளவு தேய்ந்திருந்த சாக்பீஸ். “அதுக்குத்தான் இத்தனை நடை!”